ஏழு ஏழாகவே இருக்கட்டும்: தோரோஸ் ரோஸ்லினைப் பட்டியலிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் விக்கிப்பீடியாவிலும் விக்கித்தரவிலும் பிற இணையத் தொகுப்புகளிலும் அயல்நாட்டு ஓவியச் சுவடிகளைத் தமிழில் பதிந்துவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். சுவடி விளக்க அட்டவணைப் பணியில் இருக்கும் நாங்கள் இந்த மடலை எழுதுவது ஒரே ஓர் ஓவியரைப் பற்றி: 13-ஆம் நூற்றாண்டு ஆர்மேனியரான தோரோஸ் ரோஸ்லின். அவர் பெயரை நினைவுக்குறிப்பில் (நூலை உருவாக்கியவர்கள் தம் பெயர், இடம், ஆண்டு சொல்லி எழுதிவைக்கும் குறிப்பில்) தாங்கியுள்ள சுவடிகள் ஏழு. 1256 முதல் 1268 வரையிலான 12 ஆண்டுகளுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. கொஞ்சம் கவனம் தப்பினால் இந்த ஏழு, பட்டியலில் ஒன்பதாகும். ஆர்வம் மிகுந்தால் பன்னிரண்டைத் தாண்டும். யாரும் வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. எண்ணிக்கை எங்கெங்கே ஊதுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் தடுப்பது எளிது.

முதலில் அந்த ஏழையும் பார்த்துவிடுவோம். 1256-இன் ஸெய்தூன் நற்செய்தி, ஆர்மேனியத் தலைநகர் யெரெவானின் மாதெனதரான் சுவடி நூலகத்தில் எண் 10450. 1260-இன் நற்செய்தி, எருசலேமிலுள்ள ஆர்மேனிய மறைமுதுவர் பீடத்தில் எண் 251. 1262-இல் இரண்டு: பால்டிமோரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் டபிள்யூ.539 என்ற எண்ணுள்ள செபாஸ்தியா நற்செய்தி ஒன்று, எருசலேமில் 2660 இன்னொன்று. 1265-இன் நற்செய்தி, எருசலேம் 1956. 1266-இன் சடங்கு நூல், எருசலேம் 2027. கடைசியாக 1268-இன் மலாத்தியா நற்செய்தி, மாதெனதரான் 10675. ஆக எருசலேமில் நான்கு, யெரெவானில் இரண்டு, பால்டிமோரில் ஒன்று.

ஊதல் தொடங்கும் முதல் இடம் ஸெய்தூன் நற்செய்தி. அதன் முன்பகுதியிலிருந்த ஒத்திசை அட்டவணைகள் (நான்கு நற்செய்திகளையும் ஒப்பிடும் எண் பட்டியல்கள்), மொத்தம் 8 ஓவியப் பக்கங்கள், நூலிலிருந்து பிரிந்து அமெரிக்கா போயின. லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகம் 1994-இல் அவற்றை வாங்கியது. அங்கே அவற்றின் எண் 59. 1915-இன் இன அழிப்புக் காலத்தில் ஸெய்தூன் ஊரைவிட்டு நூல் வெளியேறிய பின்னர் நேர்ந்த பிரிவு இது. 2010-இல் ஆர்மேனியத் திருச்சபையின் அமெரிக்க மேற்கு மறைமாவட்டம் வழக்குத் தொடுத்தது. 2015-இல் சமரசம் ஏற்பட்டு, பக்கங்கள் கிலிக்கியாவின் கத்தோலிக்கோஸ் (ஆர்மேனியத் திருச்சபையின் தலைமை ஆயர்) பீடத்துக்கு உரியவை என்பதைக் கெட்டி ஒப்புக்கொண்டது. பீடம் அவற்றை அருங்காட்சியகத்துக்கே கொடையாக அளித்தது. பட்டியலாளருக்கு இதில் கிடைக்கும் கணக்கு வேறு: நிறுவனம் இரண்டு, சேர்க்கை எண் இரண்டு, நூல் ஒன்று. கெட்டியின் பக்கங்களைத் தனிச் சுவடியாகப் பதிந்தால் ஏழு எட்டாகிவிடும்.

இதற்கு மூன்று பதிவுகள் வேண்டும். 1256-இல் உருவான முழு நூலுக்கு ஒரு தாய்ப்பதிவு. அதற்கு நிறுவனமும் கிடையாது, சேர்க்கை எண்ணும் கிடையாது. அதன் கீழே யெரெவான் பகுதிக்கு ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதிக்கு ஒன்று. இவை இரண்டிலும் “இதன் பகுதி” என்ற உறவு தாய்ப்பதிவைக் காட்ட வேண்டும். ரோஸ்லினின் சுவடிகளை எண்ணும்போது தாய்ப்பதிவை மட்டும் எண்ணுங்கள். விக்கித்தரவில் சேர்க்கை எண்ணுக்கான பண்பு பி-217, தொகுப்புக்கு பி-195. இவற்றைப் பகுதிகளில் மட்டும் இடுங்கள். தாய்ப்பதிவில் இட்டால் குழப்பம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இரண்டாவது இடம் மலாத்தியா நற்செய்தி. எருசலேமில் 3627 என்ற எண்ணில் இருந்த நூல் அது. பின்னர் எருசலேம் மறைமுதுவர் அதைக் கத்தோலிக்கோஸ் முதலாம் வாஸ்கெனுக்குப் பரிசளிக்க, மாதெனதரானுக்கு வந்து 10675 ஆயிற்று. பழைய ஆய்வுகளில் எருசலேம் 3627. புதியவற்றில் யெரெவான் 10675. இரண்டையும் படித்துவிட்டு இரண்டு பதிவு போடுவது மிக எளிது. பழைய எண்ணையும் அதே பதிவிலேயே, “முன்னாள் எண்” என்ற தகுதியோடு சேர்த்துவிட்டால் அடுத்து வருபவர் தேடும்போது இங்கேயே வந்து சேர்வார். பழைய எண்ணை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது இடம்தான் பெரியது: பெயர் இல்லாத நூல்கள். அரசி கெரானின் நற்செய்தி என்று புகழ்பெற்ற எருசலேம் 2563, 1272-இல் சிஸ் நகரில் அவெதிஸ் என்ற எழுத்தர் எழுதியது. ஓவியர் பெயர் அதில் இல்லை. இளவரசர் வாசாக்கின் நற்செய்தியையும் (எருசலேம் 2568) வாஷிங்டனின் ஃப்ரீர் கலைக்கூடத்திலுள்ள 32.18 என்ற நற்செய்தியையும் ரோஸ்லினோடும் அவர் பட்டறையோடும் சேர்த்துப் பேசுவது வழக்கம். 1286-இன் வாசக நூல், மாதெனதரான் 979, அவர் பெயருள்ள கடைசி நூலுக்கு 18 ஆண்டு பிந்தியது. அதையும் சிலர் அவர் கணக்கில் எழுதுகிறார்கள். இளவரசர் லெவோனின் உருவம் வரைந்த தனித்தாள் ஒன்று மாதெனதரானில் 8321 என்ற எண்ணில் இருக்கிறது. அதுவும் இந்த வகைதான். இவை மட்டமானவை என்று நாங்கள் சொல்லவில்லை. கெரான் நற்செய்தியின் ஓவியங்கள் கிலிக்கியா என்ற ஆர்மேனிய அரசின் கலையின் உச்சத்தில் வைக்கத்தக்கவை. ஆனால் நூலே சொல்லும் பெயர் ஒரு வகைச் சான்று. பாணியைப் பார்த்து ஆய்வாளர் சொல்லும் பெயர் வேறு வகைச் சான்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் எது எது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

படைப்பாளி என்ற பி-170-இல் ரோஸ்லின் பெயரை நேரடியாக இடுவது மேற்சொன்ன ஏழுக்கு மட்டும். மற்றவற்றில் அதே பண்பில் “பெயர் அறியப்படாதவர்” என்று இட்டு, தகுதிப்பண்பாகப் பட்டறை (பி-1774), பின்பற்றியவர் (பி-1775), வட்டம் (பி-1776) ஆகியவற்றுள் பொருந்துவதைச் சேருங்கள். “ரோஸ்லினே வரைந்தார்” என்று ஓர் ஆய்வாளர் வாதிட்டிருந்தால், அவர் பெயரையும் எழுதிய ஆண்டையும் காட்டி, சார்த்திக் கூறப்படுவது என்ற குறியோடு பதியுங்கள். ஆண்டு மிக முக்கியம். ஃப்ரீர் தொகுப்பின் ஆர்மேனியச் சுவடிகளுக்கு 1963-இலும் வால்டர்ஸ் தொகுப்புக்கு 1973-இலும் விளக்க அட்டவணை வெளியிட்ட சிரார்பி தெர் நெர்செசியான் போன்றவர்களின் கருத்தைத்தான் பின்னால் வந்த பலரும் எடுத்தாள்கிறார்கள். ஆண்டு இல்லாவிட்டால் ஒரே கருத்து நான்கு சான்றுகளாகத் தோற்றம் காட்டும்.

இனி நினைவுக்குறிப்பு. ஆர்மேனியத்தில் ஹிஷதகரான். நம் ஓலைச்சுவடிகளின் இறுதியில் ஏடெழுதியவர் ஊர், பெயர், நாள் சொல்லி முடிப்பாரே, அதன் விரிந்த வடிவம். சில வரிகளாகவும் இருக்கும், பல பக்கங்களாகவும் ஓடும். எழுதியவர், வரைந்தவர், எழுதுவித்தவர், இடம், ஆண்டு, அப்போதைய கத்தோலிக்கோஸ், அரசர் எல்லாம் வரும். நாட்டு நடப்பும் வரும். 1268-இன் நினைவுக்குறிப்பில், அதே ஆண்டு எகிப்தின் மம்லூக் சுல்தான் பைபர்ஸ் அந்தியோக்கியாவைப் பிடித்த செய்தி இருக்கிறது. பட்டியலில் இந்தக் குறிப்பை “உண்டு” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவதுதான் வழக்கத்தில் நாங்கள் காணும் பெரிய குறை. எந்தத் தாளில் தொடங்கி எந்தத் தாளில் முடிகிறது, எத்தனை கைகளின் எழுத்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டு என்பதாவது வேண்டும். ஏனென்றால் ஒரே நூலில் நினைவுக்குறிப்பு பல இருக்கலாம்: நூல் உருவான நாளில் ஒன்று, பின்னால் அதை வாங்கியவர் எழுதியது, கொள்ளைபோன நூலைப் பணம் கொடுத்து மீட்டவர் எழுதியது, புதிதாகக் கட்டமைத்தவர் எழுதியது. 17-ஆம் நூற்றாண்டுக் கட்டமைப்பாளரின் பெயரை ஓவியராகப் பதிவது இப்படித்தான் நேர்கிறது.

தொழிற்சொற்கள் நான்கு தெரிந்தால் பாதிப் பிழை போய்விடும். கிரிச் என்றால் எழுத்தர். த்ஸாகோக் என்றால் ஓவியர். வேர்ச்சொல் ‘பூ’, ஏட்டைப் பூக்கச் செய்பவர் என்ற அழகான சொல். காஸ்மோக் கட்டமைப்பவர். ஸ்தாத்ஸோக் என்றால் பெறுபவர், அதாவது பெரும்பாலும் எழுதுவித்தவர். இந்தக் கடைசிச் சொல்லை ‘உரிமையாளர்’ என்று மட்டும் பெயர்த்தால் காசு கொடுத்து நூலை எழுதச் செய்தவர் பதிவிலிருந்து காணாமல் போய்விடுவார். எழுத்தரும் ஓவியரும் ஒருவராகவே இருப்பதும் உண்டு. ரோஸ்லினின் ஏழில் ஐந்தை அவரே எழுதியும் வரைந்தும் இருக்கிறார். அங்கே இரண்டு கட்டத்திலும் அவர் பெயர் வர வேண்டும். “பாவி”, “தகுதியற்றவன்” என்று தம்மையே சொல்லிக்கொள்வது அந்த வகை எழுத்தின் மரபுத் தொடர். நம் அவையடக்கம் போல. வாழ்க்கைக் குறிப்பில் அதை எடுத்துப் போடாதீர்கள்.

ஒரே நூலுக்குள் பெயர்க் குழப்பம் எப்படி வரும் என்பதற்குச் செபாஸ்தியா நற்செய்தியே போதும். அதை எழுதுவித்தவர் கத்தோலிக்கோஸ் முதலாம் கொன்ஸ்தாந்தினின் உறவினரான பாதிரியார் தோரோஸ். எழுதி வரைந்தவர் தோரோஸ் ரோஸ்லின். “தோரோஸ்” என்று மட்டும் தரவில் இணைத்தால் கொடையாளியும் கலைஞரும் ஒருவராகிவிடுவர். வெளியே இன்னும் சிலர்: 1266-இல் மம்லூக்குகளோடு நடந்த போரில் இறந்த இளவரசர் தோரோஸ், 14-ஆம் நூற்றாண்டில் கிளாஜோரில் வரைந்த தோரோஸ் தாரோனத்ஸி. நல்லவேளையாக நம்மவர் தம் குடும்பப் பெயரையும் எழுதிவைத்தார். அக்கால எழுத்தர்களிடம் அது அபூர்வம். ரோஸ்லின் என்ற அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அதே பெயருள்ள ஊர் இருக்கும் ஸ்காட்லாந்துக்கு அவரை அனுப்பும் ஊகம் ஒன்று உலவுகிறது. ஊகத்துக்கு உரிய கட்டத்தில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

கெரான் விஷயமும் இப்படியே. 1265-இன் எருசலேம் 1956-ஐ எழுதுவித்த லாம்ப்ரோன் கெரான், சர்வந்திகார் தலைவர் ஜெஃப்ரியின் மனைவி. கணவர் இறந்தபின் உலக வாழ்க்கையிலிருந்து ஒதுங்கியவர். 2660-இல் இளவரசர் லெவோனோடு உருவமாக நிற்பவரும் 1272-இன் நற்செய்திக்கு உரியவரும் லெவோனை மணந்து அரசியான கெரான். இருவருமே லாம்ப்ரோன் குடியினர். லெவோனுக்கும் ஒரு சிக்கல்: முடிசூடிய பின் அவரைச் சிலர் இரண்டாம் லெவோன் என்பார்கள், சிலர் மூன்றாம் லெவோன் என்பார்கள்; முடிசூடாத தலைவர்களையும் சேர்த்து எண்ணுகிறார்களா என்பதைப் பொறுத்தது. 1289-இல் இறந்தவர் என்று குறித்துவிட்டால் எந்த எண்ணாலும் கெடுதல் இல்லை.

பெயரை எழுத்துப்பெயர்ப்பதில் தமிழுக்கு ஒரு சிறு வசதி உண்டு. ஆர்மேனியத்தில் ரகரம் இரண்டு. தோரோஸ் என்பதில் வருவது மெல்லியது, நம் இடையின ரகரம் போல. ரோஸ்லின் என்பதன் முதலெழுத்து வல்லியது, றகரத்தின் பழைய ஒலிப்பைப் போல. றகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலில் வராததால் ரோஸ்லின் என்றே எழுதுகிறோம். சொல்லின் நடுவில் வல்லிய ரகரம் வந்தால் றகரத்தைத் தயங்காமல் போடுங்கள். கிழக்கு ஆர்மேனியத்தில் Petros, Grigor என்பவை மேற்கு ஆர்மேனியத்தில் Bedros, Krikor என்று ஒலிக்கும்; தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது. அதனால் ஆர்மேனிய எழுத்திலான வடிவத்தையும் பதிவில் கட்டாயம் சேருங்கள். தமிழ் வடிவம் மாறினாலும் ஆள் மாறமாட்டார்.

ஆண்டுக் கணக்குக்கு வருவோம். நினைவுக்குறிப்பில் ஆண்டு எழுத்துகளாலேயே குறிக்கப்படும். நம் ௰, ௱, ௲ போல அங்கும் பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறிகள், பூச்சியம் கிடையாது. 705 என்பது 700-க்கான எழுத்தும் 5-க்கான எழுத்தும் மட்டுமே. ஆர்மேனிய ஆண்டுமுறை கி.பி. 552 ஜூலை 11-இல் தொடங்குகிறது. ஆண்டுக்கு 365 நாள், மிகுநாள் சேர்ப்பதில்லை. எனவே நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டு முன்னே நகர்ந்துகொண்டே வரும். ரோஸ்லின் காலத்தில் அது ஜனவரி நடுவுக்கு வந்துவிட்டது: 705-ஆம் ஆண்டு பிறந்தது 1256 ஜனவரி 17-இல், 711-ஆம் ஆண்டு 1262 ஜனவரி 15-இல். ஆகவே இவருக்கு 551-ஐக் கூட்டினால் போதும். ஜனவரியின் முதல் பாதியில் முடிந்த நூலுக்கு மட்டும் 552. இதே வாய்பாட்டை 14-ஆம் நூற்றாண்டுச் சுவடிக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள். 1320-இன் இறுதியில் புத்தாண்டு டிசம்பருக்குள் நழுவியது. அதன்பின் ஆண்டின் பெரும்பகுதிக்குக் கூட்டுத்தொகை 551-தான் என்றாலும், புத்தாண்டு பிறந்தபின் டிசம்பரில் எஞ்சும் நாள்களுக்கு 550 ஆகிவிடும். இன்னொரு கண்ணி: சிற்றெழுத்தான போலோர்கிரில் 5-க்கும் 7-க்கும் உரிய எழுத்துகள் உருவத்தில் நெருங்கியவை. மை மங்கியிருந்தால் 705, 707 என்று படிக்கப்பட்டு இரண்டாண்டு நகரும். அப்போது குறிப்பில் வரும் கத்தோலிக்கோஸ், அரசர் பெயர்களோடு ஒத்துப்பாருங்கள்.

இடம் என்ற கட்டத்தில் ஸெய்தூன், செபாஸ்தியா, மலாத்தியா என்று எழுதாதீர்கள். அவை பிற்காலத்தில் நூல் போய்த் தங்கிய ஊர்கள். வரைந்த இடம் ஹ்ரொம்க்லா, யூப்ரடீஸ் ஆற்றங்கரைக் கோட்டை, அன்றைய கத்தோலிக்கோஸின் இருக்கை. 1292-இல் மம்லூக்குகளிடம் விழுந்தது. இன்று ரூம்காலே என்ற பெயரில் துருக்கியின் காசியாந்தெப் மாகாணத்தில் இருக்கிறது. நாடு என்ற கட்டம் தானாக இன்றைய ஆர்மேனியக் குடியரசின் கொடியைக் கொண்டுவந்து ஒட்டும், அகற்றிவிடுங்கள்.

நூல்வகையில் ஒரே ஓர் எச்சரிக்கை. 2027 ஒரு மாஷ்தோத்ஸ். ஆர்மேனிய எழுத்தை உருவாக்கிய மெஸ்ரோப் மாஷ்தோத்ஸின் வரலாறு அல்ல. சடங்கு நூலுக்கே அந்தப் பெயர். மாதெனதரானின் முழுப்பெயரிலும் அவர் பெயர் வருவதால் தானியங்கி மொழிபெயர்ப்பு மூன்றையும் கலக்கிவிடும்.

பக்கத்துக்கு அருகே போவோம். சுவடியில் எண்ணுவது தாளை. ஒவ்வொரு தாளுக்கும் முன்புறம், பின்புறம். வால்டர்ஸ் நூலின் இறுதித் தீர்ப்பு ஓவியம் 109-ஆம் தாளின் பின்புறத்தில் இருக்கிறது. இணையக் காட்சிக்கருவி காட்டும் எண் பலவேளைகளில் படத்தின் வரிசை எண். மேலட்டை, உள்ளட்டை, வெற்றுத்தாள் எல்லாம் சேர்ந்திருக்கும். அதை எடுத்து எழுதினால் யாராலும் அந்த ஓவியத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. தாள்களை மடித்துச் சேர்த்த கட்டுகளை, அச்சகத்தில் பாரம் என்போமே அவற்றை, ஆர்மேனிய எழுத்தெண் இட்டு வரிசைப்படுத்தியிருப்பார்கள். எண் கீழ் ஓரத்தில் இருக்கும். மறுகட்டமைப்பில் ஓரம் வெட்டப்பட்டு எண் பாதி போயிருக்கலாம். வெட்டுண்ட தாளின் அளவை மூல அளவாகக் கொள்ளக்கூடாது. எழுத்துப்பரப்பின் உயரமும் அகலமும் மில்லிமீட்டரில் இருந்தால்தான் பிரிந்துபோன தாளோடு ஒப்பிட முடியும்.

நற்செய்தியின் முன்பகுதியில் வரும் ஒத்திசை அட்டவணைக்குப் பெயர் கோரான். நான்கு நற்செய்திகளிலும் ஒரே நிகழ்ச்சி எங்கெங்கே வருகிறது என்று காட்ட செசரியாவின் யூசேபியஸ் வகுத்த பத்து எண் பட்டியல்கள்தான் அவை. தூண்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே, மேலே மயில்களும் மரங்களுமாக வரையப்பட்டவை. எதிரெதிர்ப் பக்கங்கள் இணைகளாக அமைவதால் அழகுக்காகப் பிரித்து விற்க இவை முதலில் பலியாகும். கோரான் பக்கம் தனியாகக் கண்ணில் பட்டால் ஓவியத்தை ரசித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நடுவிலுள்ள எண்களைப் படியுங்கள். எந்தப் பட்டியல் எந்த வரிசையில் முடிகிறது என்று தெரிந்தால், அடுத்த பக்கம் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்பதும் தெரியும். எதிர்ப்பக்கத்தில் வண்ணம் ஒற்றியிருக்கிறதா, பூச்சித் துளைகள் அடுத்தடுத்த தாள்களில் ஒரே இடத்தில் தொடர்கின்றனவா என்பதும் துணைச் சான்று. பிரிந்த தாள் தாய்நூலோடு இப்படித்தான் சேர்கிறது.

வண்ணத்தைப் பற்றி எழுதும்போது திரையை நம்பாதீர்கள். நீலத்தைப் பார்த்ததும் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அசுரைட் என்ற வேறொரு நீலக் கனிமமும் திரையில் அப்படியே இருக்கும். ராமன் நிறமாலை போன்ற ஆய்வு முடிவு வெளியாகியிருந்தால் அதைக் காட்டுங்கள். இல்லையென்றால் “நீலம்” போதும். பொன் உதிர்ந்த இடம், வண்ணம் செதிலாக எழும்பிய இடம் ஆகியவற்றைத் தாள் எண்ணோடு குறிப்பது இதைவிடப் பயன்.

படங்களில் இடவலம் மாறியவையும் சுற்றுகின்றன. ஆர்மேனிய எழுத்து இடமிருந்து வலமாக ஓடுவது. ஓவியத்தின் மேலிருக்கும் பெயர்ப்பொறிப்பு திரும்பியிருந்தால் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். வால்டர்ஸ் தன் சுவடிப் படங்களை எவரும் எடுத்தாள விட்டிருக்கிறது. மற்ற நிறுவனங்களின் உரிமம் வேறு வேறு. ஒவ்வொரு படத்துக்கும் தனியே எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆர்மேனியர் என்றதும் சென்னையின் ஆர்மேனியன் தெருவும் அங்குள்ள 1772-இன் தேவாலயமும், 1794-இல் இதே மதராசில் வெளிவந்த முதல் ஆர்மேனிய இதழான அஸ்தராரும் நினைவுக்கு வரும். அவை தனிக் கட்டுரைக்கு உரியவை. ரோஸ்லின் பதிவில் “தமிழ்நாட்டுத் தொடர்பு” என்று ஒரு பத்தி வைக்க வேண்டாம். ஐந்து நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

இப்போதே செய்யக்கூடியது: உங்கள் பட்டியலைத் திறந்து, ரோஸ்லின் பெயர் உள்ள ஒவ்வொரு வரிக்கும் எதிரே இந்தப் பெயர் நினைவுக்குறிப்பில் இருக்கிறதா என்று ஒரு கட்டம் சேருங்கள். ஆம் என்ற விடை ஏழுக்கு மேல் வந்தால் முதலில் 59-ஐயும் 3627-ஐயும் தேடிப்பாருங்கள், அடுத்து 2563. ஓவியர் பெயர் இல்லாத 2563 போன்ற நூலில் எழுத்தர் அவெதிஸ் இருப்பார், எழுதுவித்த அரசி இருப்பார். அவர்களை நிரப்பிவிட்டு ஓவியர் கட்டத்தில் “பெயர் அறியப்படாதவர்” என்று எழுதி அடுத்த வரிக்குப் போங்கள்.

அன்புடன்,
சுவடி விளக்க அட்டவணைப் பணியாளர் சிலர்